கையில் கொடுக்காத கொடுவாள்

பஜ்ஜி சுற்றிக் கொடுத்த காகிதத்தில்தான் அந்தச் செய்தி இருந்தது. எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்தும் முன்னால் தெரிந்தது. சேலத்தில் கத்தியுடன் நின்றிருந்த வாலிபர் கைது. அவர் யாரையும் குத்தியதாகச் செய்தியில் இல்லை. மிரட்டியதாகவும் இல்லை. நின்றிருந்தார், கத்தி வைத்திருந்தார், கைது. அவ்வளவுதான்.

படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன்.

எங்கள் மலையின் ஒண்டிக்கடை முக்கில் தூறல். டீக்கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கிய ஆண்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கிளியூர்க்காரர்கள், தலைச்சோலைக்காரர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், பஸ்ஸை விட்டவர்கள். ஒவ்வொரு இடுப்புக்குப் பின்னாலும் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு மரக்கொக்கி, கொக்கியில் ஒரு கொடுவாள். மூக்கு வளைந்த இரும்பில் மழைத்துளி இறங்கிக்கொண்டிருந்தது.

பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி. அன்றுதான் கண்ணில் பட்டது.

இவர்கள் எல்லோரும் குற்றவாளிகளா? அப்படியானால் இந்த மலையையே கைது செய்யவேண்டுமே? அதற்கு எந்த வண்டியில் இடமிருக்கிறது?

எண்பதுகளின் நடுவில் ஏதோ ஓர் ஆடி மாதம் அது. நான் சேலத்தில் பி.எஸ்ஸி. முடித்து, சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் மலையில் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எங்கள் குவார்ட்டர்ஸைப் பற்றிப் போன வாரமே எழுதிவிட்டேன். கூரை ஒழுகும் என்பதோடு விட்டுவிடலாம்.

இரும்பின் ஒரு நாள்

சமவெளியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் மலையில் கொடுவாள் என்பது செருப்புக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும் பொருள். செருப்பில்லாமல் போகிறவர்கள் உண்டு.

காலையில் பாதையை மறித்த முள்ளை வெட்டுவது அதுதான். காப்பிக்கு வெயில் வேண்டும் என்றால் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழிப்பதும் அதுதான். மத்தியானம் பலாப்பழம் பிளப்பது, சாப்பிட வாழையிலை அறுப்பது, சாயங்காலம் அடுப்புக்குச் சுள்ளி ஒடிப்பது. காலில் அட்டை ஏறினால் முதுகுப்பக்கத்தை வைத்து ஒரு வழி வழித்துவிடுவார்கள். ஒருவர் அதன் நுனியால் கமலா ஆரஞ்சை ஒரே சுருளாக உரிப்பதைப் பார்த்திருக்கிறேன். பெண்களும் தோட்டத்தில் வைத்திருப்பார்கள்; ஆனால் கொக்கியில் மாட்டுவதில்லை, கூடையில் போட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு வேலை செய்யும் பொருளைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பயப்படுகிறவர்கள் காரில் வருவார்கள்.

மணி கேட்டவர்

இது என் கண்ணால் பார்த்ததில்லை. மலையில் எல்லோரும் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு வளைவின் பெயரைச் சொல்லி.

சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததாம். புதருக்குள்ளிருந்து நம் ஆள் ஒருவர் இறங்கி வந்தார். கையில் கொடுவாள், தோளில் விறகு. பக்கத்தில் வந்து மரியாதையாகக் கேட்டார்:

“ஏனுங்க, மணி என்னங்க?”

காரோட்டி வந்தவர் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

நம் ஆள் பதறிவிட்டார். பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று கொடுவாளோடு வண்டிக்குப் பின்னால் ஓடினாராம். அவர் ஓட ஓட, கார் வேகமாகப் போயிற்று.

பொய்யோ மெய்யோ. ஆனால் இந்தக் கதைக்கு மலையில் எல்லோரும் சிரிப்பார்கள். சேலத்தில் என் வகுப்புத் தோழிகளிடம் சொன்னபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை. “அப்புறம் போலீஸ்ல சொன்னாங்களா?” என்று கேட்டாள் ஒருத்தி.

கமா வரைக்கும்

பஜ்ஜிக் காகிதம் தூங்க விடவில்லை. அடுத்த வாரம் சேலம் போனபோது, கோர்ட் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஆயுதச் சட்டத்தின் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பிடித்தேன். அட்டையில்லை. கரையான் தின்றது போக மிச்சமிருந்தது போதுமானதாக இருந்தது.

பஸ்ஸிலேயே படித்தேன். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதம் என்று போட்டிருந்தது. அங்கே ஒரு கமா இருந்தது. நான் கமாவிலேயே இறங்கிவிட்டேன்.

மறுநாள் டெய்லர் கடையில் இஞ்சு டேப்பைக் கடன் வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். “அளக்கணும்” என்றேன். ஒவ்வொருவராகக் கொக்கியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார்கள். நான் எடுத்து அளந்தேன்.

“பாப்பா இரும்புக்குச் சட்டை தைக்குதாட்டம் இருக்குது!”

“எனக்கு லூசா தைச்சுடு கண்ணு, வெயில் காலத்துக்கு.”

“சும்மா இருங்க மாமா. இது சட்ட விஷயம்.”

சட்ட விஷயத்தில் சிக்கல் வந்தது. கொடுவாளின் மூக்கு வளைந்திருக்கும். டேப்பை நேராகப் பிடித்தால் பலருடைய கத்தி அளவுக்குள் வந்தது. வளைவோடு பிடித்தால் வெளியே போயிற்று. ஒரே மனிதர், ஒரே கத்தி, டேப்பைப் பிடிக்கிற விதத்தில் குற்றவாளியாகவும் நிரபராதியாகவும் மாறிக்கொண்டிருந்தார். எனக்கு அது அபாரமான கண்டுபிடிப்பாகத் தோன்றியது.

அகலத்தில் அந்தச் சிக்கலே இல்லை. எல்லோரும் குற்றவாளிகள்.

வீட்டுக்குப் போய்த்தான் கமாவுக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று படித்தேன். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்யப்பட்ட கத்திகள் இதில் சேரா என்று இருந்தது.

அப்பா ஈரத்துணி காயவைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். “அப்ப ஊர்ல யாரையும் புடிக்க மாட்டாங்களா? சந்தோசம். டேப்பைத் திருப்பிக் குடுத்துட்டு வா” என்றார்.

வெள்ளைச் சட்டை

டேப்பைத் திருப்பிக் கொடுத்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். ஒரு பிற்பகலில் ராசம்மாக்கா மழையில் நனைந்து வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார்.

அவருடைய கணவர் வெள்ளையண்ணன், தலைச்சோலையில் கொஞ்சம் சொந்தக் காப்பி வைத்திருப்பவர். எங்கள் எஸ்டேட்டுக்கு நிழல் மரம் கழிக்க வருவார். வனத்துறையில் வாட்சர் வேலைக்கு அப்பாதான் அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். தேர்வும் ஆகிவிட்டது. உடல் தகுதிச் சான்றும் போலீஸ் விசாரணையும்தான் பாக்கி. அன்று அந்தச் சான்று வாங்கத்தான் சேலத்துக்குக் கிளம்பியிருந்தார்.

“ஏனுங்க ரைட்டருங்க, அவரைப் புடிச்சு வெச்சிருக்காங்களாமுங்க.”

“யாரு? எதுக்கு?”

“கீழ பஸ்ஸை நிறுத்திப் பார்த்தாங்களாமா. கொடுவாளைத் தூக்கி ஏட்டய்யாவை மெரட்டிப்போட்டாருன்னு கண்டக்டர் வந்து சொல்றாரு. ஏனுங்க, அவரு கோழியைக்கூட அதட்ட மாட்டாருங்களே!”

அந்த வாரம் சேலத்தில் ஏதோ கட்சித் தகராறு. மலையிலிருந்து இறங்கும் வண்டிகளைச் சோதிக்கச் சொல்லி உத்தரவு. வெள்ளையண்ணன் சான்றுக்குப் போகிறோம் என்று வெள்ளைச் சட்டை போட்டார், தலைக்கு எண்ணெய் வைத்தார், காலில் செருப்பும் போட்டார். கொக்கியையும் மாட்டிக்கொண்டார். அதைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. சட்டைப் பொத்தானைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அப்பா குடையை எடுத்தார். நான் அட்டையில்லாத புத்தகத்தை எடுத்தேன்.

“நீ எதுக்கு?” என்றார் அப்பா.

“கமாவுக்கு அப்புறம் இருக்கறதைப் படிக்கறதுக்கு.”

மேஜை மேல்

எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை. மலைக்குக் கீழே ஒன்று.

வெள்ளையண்ணன் சுவரோரம் தரையில் குந்தியிருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. எஸ்.ஐ. இளம் வயது, தெற்கத்திக்காரர், பேச்சில் தெரிந்தது. மேஜைக்குப் பக்கத்தில் ஏட்டு. அவர் சேலத்துக்காரர்.

அப்பா கும்பிட்டு ஆரம்பித்தார். முடிப்பதற்குள் நான் புத்தகத்தை மேஜையில் விரித்துவிட்டேன்.

“சார், இது விவசாயக் கருவி. சட்டத்துலயே விலக்கு இருக்கு. இங்க பாருங்க, இந்தக் கமாவுக்கு அப்புறம்.”

“நீ யாரும்மா, வக்கீலா?”

“இன்னும் இல்லை சார்.”

“இன்னும் இல்லையா!” அவர் சிரித்தார். ஆனால் படித்தார். விரலை வைத்து, கமாவைத் தாண்டியும் படித்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

“சரிம்மா. ஆயுதச் சட்டத்தை விட்டுருவோம். விவசாயக் கருவியை ஏட்டு முகத்துக்கு நேரா எதுக்கு உருவினான்? அது எந்த விவசாயம்?”

“உருவலீங்க சாமி” என்றார் வெள்ளையண்ணன், தரையைப் பார்த்தபடி. “வெக்கப் போனனுங்க.”

“எங்க வைக்க?”

“கீழேங்க.”

ஏட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. “பொய் சார். கத்தியைக் குடுய்யான்னு கையை நீட்டினேன். இவன் எடுத்தான். குடுக்கலை. ரெண்டடி பின்னால போயிக் குனிஞ்சான். பாயப் போறான்னு பஸ்ஸே கத்துச்சு. ஒரு அம்மா ஜன்னல் வழியாக் குழந்தையை வெளிய நீட்டிட்டாங்க.”

“எடுத்துட்டு வாங்க அதை. பார்ப்போம்” என்றார் எஸ்.ஐ.

ஏட்டு உள்ளே போய்க் கொடுவாளோடு வந்தார். பிடியில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது. எஸ்.ஐ. கையை நீட்டினார். ஏட்டு அதை மேஜைமேல் வைத்தார். எஸ்.ஐ. மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நான் மேஜையைச் சுட்டினேன்.

“சார், இப்ப என்ன நடந்துச்சு?”

“என்ன நடந்துச்சு?”

“நீங்க கை நீட்டினீங்க. அவர் கையில குடுக்கலை.”

ஏட்டு என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “கத்தியை யாராச்சும் கையில குடுப்பாங்களா பாப்பா? எனக்கும் அய்யாவுக்கும் சண்டை வந்து தொலையறதுக்கா?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கவேண்டும்.

வெள்ளையண்ணன் தலையைத் தூக்கினார். “அதைத்தானுங்க. ஏட்டய்யாகூட நமக்கெதுக்குங்க சண்டைன்னு கீழ வெக்கலாம்னு பார்த்தனுங்க. பஸ்ஸுல குனிய எடமில்லீங்க. பின்னால போனனுங்க.”

வெளியே லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது. எஸ்.ஐ. கொடுவாளைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார்.

“எங்கம்மாவும் அரிவாமனையை நகர்த்தித்தான் விடுவாங்க” என்றார், யாரிடமும் இல்லாமல்.

பத்து நிமிஷ வேலை

சட்டம் பற்றி எனக்கு அன்று தெரிந்த புது விஷயம் ஒன்று உண்டு. உண்மை தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஏற்பாடு இல்லை.

“எழுதியாச்சும்மா. பஸ்ல வந்தவங்க ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் கிழிச்சுப்போட முடியாது” என்றார் எஸ்.ஐ. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். “பெரிசா எதுவும் போடலை. பெட்டி கேஸ். பஸ்ல கலாட்டான்னு போட்டுடறேன். திங்கக்கிழமை சேலம் கோர்ட்டுக்கு வரட்டும். ஒத்துக்கிறியாம்பாங்க, ஒத்துக்கிட்டேன்னா ஃபைன். பத்து நிமிஷ வேலை. கத்தி மட்டும் இங்க இருக்கட்டும்.”

அப்பா கும்பிட்டார். ஏட்டு அரைகுறையாகச் சிரித்தார். “சரீங்க” என்றார் வெள்ளையண்ணன். எல்லோருக்கும் நிம்மதி.

பஸ் மேலே ஏறும்போது எனக்கு அந்த நிம்மதி உறுத்த ஆரம்பித்தது. ஃபைன் கட்டினால் தண்டனை. தண்டனை பெற்றவரை வனத்துறை எடுக்குமா?

“அப்பா, வாட்சர் வேலைக்குப் போலீஸ் விசாரணை வருமில்ல?”

அப்பா தலையாட்டினார். விண்ணப்பம் எழுதியவர் அவர். அவருக்குத் தெரியும்.

“ஒத்துக்கிட்டா வேலை போயிருமுங்களா?” என்றார் வெள்ளையண்ணன், முன்சீட்டிலிருந்து திரும்பி.

“ஒத்துக்கலைன்னா அலையணும் வெள்ளையா” என்றார் அப்பா. “வாய்தா வாய்தாவா இழுப்பாங்க. கேஸ் முடியற வரைக்கும் அங்கயும் நிறுத்திதான் வெப்பாங்க.”

“நிறுத்தி வைப்பாங்க அப்பா. தள்ள மாட்டாங்க” என்றேன். “வாய்தா அன்னைக்கு அந்த ஏட்டையே கூண்டுல நிறுத்தி, கத்தியை எடுத்து மாஜிஸ்ட்ரேட்டுக்குக் குடுக்கச் சொன்னாப் போதும்.”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைச்சோலைப் பிரிவில் இறங்கி நடந்தோம். ஈரப்புல்லில் அட்டை ஒன்று வெள்ளையண்ணன் கணுக்காலில் ஏறியது. அவருடைய வலது கை தானாக இடுப்புக்குப் பின்னால் போயிற்று. வெறும் கொக்கி. கொஞ்ச நேரம் கை அங்கேயே இருந்தது. பிறகு குனிந்து விரலால் பிடுங்கிப் போட்டார்.

அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ராசம்மாக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: “மாசாமாசம் சம்பளம் வர்ற வேலை எங்க சனத்துல யாருக்கு வாச்சிருக்குது? பூப்பூக்கற நேரத்துல மழை வல்லீன்னா காப்பி ஏமாத்திப்போடுது. செய்யாததை எதுக்குங்க ஒத்துக்கோணும்?”

வெள்ளையண்ணன், “செரி. ஒத்துக்கலை” என்றார்.

முடியாது

ஞாயிற்றுக்கிழமை காப்பிக் களத்தில் ஒத்திகை வைத்தோம். காப்பி காயப்போடும் பருவம் இல்லை. களம் பாசி பிடித்துக் காலியாகக் கிடந்தது. கவிழ்த்த கூடையின்மேல் நான் மாஜிஸ்ட்ரேட்டாக உட்கார்ந்தேன்.

“வெள்ளையன்! பஸ்ஸில் கலாட்டா செய்த குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா?”

“சரீங்க.”

“அண்ணா! இல்லீங்கன்னு சொல்லணும்.”

“சரீங்க.”

மறுபடி கேட்டேன். கைகட்டி, கொஞ்சம் குனிந்து, “ஆமாங்க” என்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டுப்பார்த்தேன், உயர்த்திக் கேட்டுப்பார்த்தேன். அதட்டினால் உடனே ஒத்துக்கொண்டார். கனிவாகக் கேட்டால் இன்னும் சீக்கிரமாக ஒத்துக்கொண்டார்.

நான் யோசித்துப் பார்த்தேன். ரேஞ்சர் கேட்டால் சரீங்க. மேனேஜர் கேட்டால் சரீங்க. கிராம அலுவலகத்தில் கேட்டால் சரீங்க. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு நின்றுகொண்டு “இல்லை” சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அவருக்கு மட்டுமல்ல, அந்த மலையில் யாருக்குமே இல்லை. ஆயுதச் சட்டத்தில் இதற்கு ஒரு வரியும் கிடையாது.

“என்னால முடியலை கண்ணு. நாக்கு போகமாட்டீங்குது” என்றார், வேர்த்துப்போய்.

ராசம்மாக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “நகரு சாமி.” என்னை எழுப்பிவிட்டுக் கூடைமேல் அவர் உட்கார்ந்தார்.

“ஏனுங்க. வெறகு பொளந்து தாறீங்களா?”

“முடியாது.”

“சந்தைக்காச்சும் போயிட்டு வாறீங்களா?”

“முடியாது போ புள்ள.”

“பஸ்ஸுல கலாட்டா பண்ணுனீங்களா?”

“இல்லவே இல்லை! யாரு சொன்னது?”

குரல் களத்தைத் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய மரங்கள்வரை போயிற்று. எங்கிருந்தோ நாய் குரைத்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“பார்த்தியா கண்ணு” என்றார் ராசம்மாக்கா. “ஊட்டுக்காரிகிட்டன்னா மட்டும் எப்படி வருது பாரு. நொம்ப நல்லா வருது.”

அதிலிருந்து திட்டம் உருவானது. திங்கட்கிழமை முதல் பஸ். மூன்று பேரும் போகவேண்டும். அப்பா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் குடையைத் தருவதாகச் சொன்னார். கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் வெள்ளையண்ணன் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கக் கூடாது. மாஜிஸ்ட்ரேட்டின் தலைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கவேண்டும். அந்த ஜன்னலுக்கு வெளியே ராசம்மாக்கா நிற்கவேண்டும். கேள்வி வரும்போது அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும்.

அப்படி ஒரு ஜன்னல் அந்தக் கட்டடத்தில் இருக்கிறதா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. போய்த்தான் பார்க்கவேண்டும்.